கண்காணிப்பு மென்பொருளிலிருந்து புரியாத எச்சரிக்கை வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகியோஸ், ஜாபிக்ஸ், புரொமீதியஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்களை யாரோ நிறுவிவிட்டுப் போயிருப்பார்கள்; அவை அனுப்பும் செய்திகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு மட்டும் உங்களுக்கு வந்திருக்கும். இந்தக் கேள்விகள் அப்படிப்பட்டவர்களுக்கானவை. எல்லாமே லினக்ஸ் சர்வர்களை ஒட்டியவை.

இதுவரை பார்த்திராத ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. முதலில் எதில் கை வைப்பது?

எதிலும் வேண்டாம். அந்த சர்வர் யாருக்காக ஓடுகிறதோ அவர்களுக்கு வேலை நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலைத்தளம் என்றால் பிரௌசரில் திறந்து உள்நுழைந்து பாருங்கள். அஞ்சல் சர்வர் என்றால் ஓர் அஞ்சல் அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வேலை நின்றுபோயிருந்தால் உடனே ஆட்களைக் கூப்பிடுங்கள். விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வேலை நடந்துகொண்டிருந்தால் அவகாசம் இருக்கிறது. அதை எச்சரிக்கையைப் படிப்பதில் செலவிடுங்கள். "இந்த எண் இந்த வரம்பைத் தாண்டினால் சொல்" என்று யாரோ ஒருவர் எப்போதோ எழுதிவைத்தார். எண் தாண்டியது, மென்பொருள் சொல்லிவிட்டது. அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. சர்வருக்குள் போவதற்கு முன் அந்த நிபந்தனையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எச்சரிக்கையில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதில் படிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இப்படி ஒரு வரி வந்ததாக வைத்துக்கொள்வோம்: "டிபி-02, டிஸ்க் கிரிட்டிக்கல், /வார், 4%, 21:40, முயற்சி 3/3".

டிபி-02 என்பது அளக்கப்பட்ட சர்வர். அளந்தது வேறொரு சர்வராக இருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க்கும் இருக்கலாம். /வார் என்று இருப்பதால் பிரச்சினை டிஸ்க்கின் அந்தப் பகுதியில் மட்டுமே; மற்ற பகுதிகளில் இடம் தாராளமாகக் கிடக்கலாம். 4% என்பது மீதமா, பயன்பாடா? சில சோதனைகள் மீதத்தைச் சொல்லும், சில பயன்பாட்டைச் சொல்லும். கிரிட்டிக்கல் என்று இருப்பதால் இங்கே மீதம் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தோடு நிற்காதீர்கள்.

21:40 எந்த நேர மண்டலத்து நேரம்? கண்காணிப்பு மென்பொருள் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தையும் சர்வரின் லாக் (நிகழ்வுப் பதிவு) உள்ளூர் நேரத்தையும் எழுதுவது மிகச் சாதாரணம். அதைக் கவனிக்காவிட்டால், சம்பந்தமே இல்லாத மணிநேரத்து லாக்கை உட்கார்ந்து அலசிக்கொண்டிருப்பீர்கள்.

"முயற்சி 3/3" என்பதைப் பலர் படிப்பதே இல்லை. நாகியோஸ் ஒரு சோதனை தோற்றவுடன் ஆளை எழுப்பாது. குறிப்பிட்ட தடவைகள் மறுபடி சோதித்துப் பார்த்து, எல்லாவற்றிலும் தோற்ற பிறகே செய்தி அனுப்பும். புரொமீதியஸிலும் "ஃபார்" என்ற காலக்கெடு இதே வேலையைச் செய்கிறது: நிபந்தனை இத்தனை நிமிடம் தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் எச்சரிக்கை கிளம்பும். ஆகவே கோளாறு தொடங்கியது 21:40-க்கு அல்ல, அதற்குச் சில நிமிடங்கள் முன்பு. லாக்கை அங்கிருந்து படியுங்கள்.

அந்த நிபந்தனையை எங்கே பார்ப்பது?

புரொமீதியஸில் "அலர்ட்ஸ்" பக்கத்தில் எச்சரிக்கையின் பெயரை அழுத்தினால் அதன் சமன்பாடு அப்படியே தெரியும். அதை வரைபடப் பக்கத்தில் ஒட்டி, கடந்த ஒரு வாரத்துக்கு வரைந்து பாருங்கள். ஒரே நாளில் எகிறியதா, பல நாளாக மெல்ல ஏறி இன்று வரம்பைத் தொட்டதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஜாபிக்ஸில் அதற்குரிய டிரிக்கரைத் திறந்தால் நிபந்தனை இருக்கும்.

நாகியோஸில் அந்தச் சேவையின் வரையறையில் எந்தச் சோதனை நிரல், என்ன அளவுருக்களுடன் ஓடுகிறது என்று எழுதியிருக்கும். அதே கட்டளையை நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஒரு நிபந்தனை: எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராக அல்ல, நாகியோஸ் எந்தப் பயனராக ஓடுகிறதோ அதே பயனராக ஓட்ட வேண்டும். ரூட்டுக்குத் திறக்கிற கதவு நாகியோஸுக்குத் திறக்காது என்பதே பல புதிர்களின் விடை.

இந்த விதிகள், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அந்த வரியை யார், எந்தக் குறிப்புடன் சேர்த்தார் என்று பாருங்கள். "போன முறை இது நிறைந்து தரவுத்தளம் நின்றது" என்று ஒரு குறிப்பு கிடைத்தால், அது எந்த ஆவணத்தையும் விட உபயோகமானது.

"அன்நோன்" என்று வருகிறது. இது கிரிட்டிக்கலை விட மோசமானதா?

நாகியோஸ் சோதனைகள் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பித் தருகின்றன: 0 என்றால் நலம், 1 என்றால் வார்னிங், 2 என்றால் கிரிட்டிக்கல், 3 என்றால் அன்நோன், அதாவது சோதனையால் அளக்க முடியவில்லை. காய்ச்சல்மானி உடைந்ததை வைத்து நோயாளிக்குக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது, அன்நோனும் அப்படித்தான். சர்வரை விட்டுவிட்டு, சோதனை ஏன் ஓடவில்லை என்று பாருங்கள்.

செய்தியில் 127 என்ற எண் இருந்தால் சோதனை நிரலையே காணவில்லை: பாதை தவறு, அல்லது நிறுவப்படவில்லை. 126 என்றால் நிரல் இருக்கிறது, இயக்கும் அனுமதி இல்லை. "10 விநாடியில் பதில் இல்லை" என்று வந்தால் ஃபயர்வாலை முதலில் சந்தேகியுங்கள். முகவர் என்பது அளக்கப்படும் சர்வரில் ஓடும் சிறு நிரல்; நாகியோஸின் என்ஆர்பிஇ முகவர் வழக்கமாக 5666 என்ற போர்ட்டிலும், ஜாபிக்ஸ் முகவர் 10050-இலும் காத்திருக்கும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். சர்வர் உண்மையிலேயே திணறிக்கொண்டிருந்தாலும் முகவரால் உரிய நேரத்தில் பதில் சொல்ல முடியாது.

"வாட்ச்டாக்" என்ற எச்சரிக்கை நிறுவிய நாளிலிருந்து எரிந்துகொண்டே இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

சரிசெய்யக் கூடாது. குபர்நெட்டிஸ் என்ற கன்டெய்னர் மேலாண்மை அமைப்புக்கான புரொமீதியஸ் தொகுப்புகளில் இது வேண்டுமென்றே எப்போதும் எரியும்படி எழுதப்பட்டிருக்கிறது. எச்சரிக்கை கிளம்பும் இடத்திலிருந்து உங்களை வந்து சேரும் வரையுள்ள பாதை முழுவதும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. இதை வெளியிலுள்ள ஒரு சேவைக்கு அனுப்பி, இது வருவது நின்றுபோனால் கூப்பிடும்படி அமைப்பார்கள். அப்படி அமைக்காமல் வெறும் அஞ்சலாக விட்டுவைத்தால், தினமும் எரிச்சலூட்டுவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

லோட் ஆவரேஜ் 40 என்கிறது. சிபியு பயன்பாடோ 5% கூட இல்லை. எதை நம்புவது?

இரண்டையும். லோட் என்பது வேலைகளின் சராசரி எண்ணிக்கை. லினக்ஸின் அந்தக் கணக்கில் சிபியுவில் ஓடும், அதற்காகக் காத்திருக்கும் வேலைகள் மட்டும் இல்லை. டிஸ்க் போன்றவற்றின் பதிலுக்காக உறைந்து நிற்கும் வேலைகளும் சேரும். 1993-ஆம் ஆண்டிலிருந்தே இப்படித்தான். ஓடும் நிரல்களைக் காட்டும் "டாப்" அல்லது "பிஎஸ்" கட்டளையின் பட்டியலில் நிலை என்ற பத்தியில் "டி" என்ற எழுத்தோடு நிற்கும் செயல்முறைகளைத் தேடுங்கள். அவை நாற்பதும் நெட்வொர்க் வழியாக வரும் ஒரே என்எஃப்எஸ் கோப்புறையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தால், கோளாறு இந்த சர்வரில் இல்லை. அந்தக் கோப்புறையைத் தரும் சர்வரில் இருக்கிறது. அவற்றைக் கொல்லவும் முயலாதீர்கள். அந்த நிலையில் இருப்பவற்றில் பல, கட்டாயமாக நிறுத்தும் கில் -9 கட்டளைக்குக்கூட அசையாது.

மெய்நிகர் சர்வராக இருந்தால் "டாப்" காட்டும் "எஸ்டி" என்ற எண்ணையும் பாருங்கள். அது உயர்ந்திருந்தால் உங்களுக்குரிய சிபியு நேரத்தை அடியிலுள்ள இயந்திரம் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் பக்கம் என்ன செய்தாலும் அது குறையாது.

மெமரி 95% நிறைந்துவிட்டதாம்.

பெரும்பாலும் சோதனை எழுதியவரின் தவறு. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் நகல்களை வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், தேவைப்படும்போது விட்டுக்கொடுத்துவிடும். "ஃப்ரீ" கட்டளை காட்டும் "அவெய்லபிள்" பத்தியைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கை 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையமான கெர்னலே தருகிறது. இன்னும் "ஃப்ரீ" பத்தியை வைத்துக் கத்தும் சோதனையை மாற்றி எழுதுங்கள். அவெய்லபிளும் குறைவாக இருந்தால் அது மெய்யான பிரச்சினை. அப்போது கெர்னல் லாக்கில், நினைவகம் தீர்ந்தால் நிரல்களைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் யாரையாவது பலி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சேவை 137 என்ற எண்ணோடு செத்திருந்தால், யாரோ அதற்குக் கில் -9 கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ பல சமயம் கெர்னல்தான்.

டிஸ்க் நிறைந்ததாக எச்சரிக்கை வந்தது. பெரிய லாக் கோப்பை அழித்தேன். இடம் திரும்பி வரவில்லையே?

அந்தக் கோப்பை ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. லினக்ஸில் கோப்பை அழிப்பது என்றால் அதன் பெயரை நீக்குவது மட்டுமே. திறந்து வைத்திருக்கும் கடைசி நிரல் மூடும் வரை உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும். அதனால்தான் டிஸ்க்கின் மீத இடத்தைக் காட்டும் "டிஎஃப்" கட்டளை, டிஸ்க் நிறைந்திருக்கிறது என்கிறது, கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் "டியூ" பாதிகூட இல்லை என்கிறது. திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் "எல்எஸ்ஓஎஃப்" பட்டியலில் "டெலீட்டட்" என்று குறிக்கப்பட்டவற்றைத் தேடினால் எந்த நிரல் என்று தெரிந்துவிடும். அந்தச் சேவையை ரீலோட் செய்தால் பெரும்பாலும் போதும். அடுத்த முறை ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள். "ட்ரங்கேட்" கட்டளை இருப்பது இதற்குத்தான்.

இன்னொரு வகை விநோதம்: இடம் 40 ஜிபி மீதம் இருக்கும், ஆனால் "டிஸ்க்கில் இடமில்லை" என்று நிரல்கள் அழும். ஐநோடு தீர்ந்துவிட்டது. ஐநோடு என்பது கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு; ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டும். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் அவற்றின் எண்ணிக்கை டிஸ்க்கை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடும். "டிஎஃப்" கட்டளையோடு ஹைஃபனும் சிறிய "ஐ" எழுத்தும் சேர்த்துப் பாருங்கள். லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் எங்கோ குவிந்திருக்கும்: பழைய செஷன் கோப்புகள், அனுப்பப்படாமல் வரிசையில் நிற்கும் அஞ்சல்கள்.

கண்காணிப்புத் திரையும் "டிஎஃப்"பும் இரண்டு வெவ்வேறு சதவீதம் காட்டினால் பதற வேண்டாம். ஈஎக்ஸ்டி4 இயல்பாக 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. அதைச் சேர்த்தா, விட்டா கணக்கிடுவது என்பதில் கருவிக்குக் கருவி வழக்கம் மாறும்.

ஒரே நிமிடத்தில் 60 எச்சரிக்கைகள் கொட்டின. எங்கிருந்து தொடங்குவது?

மேலே இருப்பதிலிருந்து அல்ல. நேரப்படி அடுக்கி முதலில் வந்ததிலிருந்து. அதுவும் உறுதியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு சோதனையின் இடைவெளியும் வேறு. ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் சோதனை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் சோதனையை முந்திக்கொண்டு கத்தும். அதைவிட நல்ல வழி, அறுபதுக்கும் பொதுவானது எது என்று பார்ப்பது. எல்லாம் ஒரே ரேக்கா? ஒரே சுவிட்ச்சா? எல்லாமே டிஎன்எஸ் மூலம் பெயரைத் தேடுபவையா? எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் செத்ததாகத் தோன்றினால், செத்தது கண்காணிப்பு சர்வரோ அதன் நெட்வொர்க்கோதான் என்று முதலில் சந்தேகியுங்கள். வேறொரு இணைப்பிலிருந்து, உதாரணமாகக் கைபேசியின் டேட்டாவிலிருந்து, ஒரு சேவையைத் திறந்து பார்த்தால் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும்.

எச்சரிக்கை வருகிறது, இரண்டு நிமிடத்தில் தானே போகிறது, மறுபடி வருகிறது.

வரம்பு அந்த சர்வரின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு சேவை செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து. அந்தச் சேவை எப்போது தொடங்கியது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் "3 நிமிடம் முன்பு" என்று சொன்னால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதைத் திரும்பத் திரும்ப எழுப்பிவிட்டுக்கொண்டிருக்கிறது. முதல் வகை என்றால் வருவதற்கு ஒரு வரம்பும் போவதற்கு அதைவிடத் தாழ்ந்த வரம்பும் வையுங்கள். நாகியோஸ் கடைசி 21 சோதனை முடிவுகளை வைத்து இந்த ஊசலாட்டத்தைத் தானே கண்டறிந்து, செய்திகளை நிறுத்தி வைக்கும். புரொமீதியஸின் எச்சரிக்கைகளை அனுப்பிவைக்கும் அலர்ட்மேனேஜர் தீராத எச்சரிக்கையை இயல்பாக 4 மணி நேரத்துக்கு ஒரு முறை நினைவூட்டும். அதைப் புதிய எச்சரிக்கை என்று எண்ண வேண்டாம்.

நாங்கள் எதையும் மாற்றவில்லை. நேற்று வரை இல்லாத எச்சரிக்கை இன்று எப்படி?

நீங்கள் மாற்றாதிருக்கலாம்; தானியங்கிப் புதுப்பிப்பு மாற்றியிருக்கும். அண்மையில் நிறுவப்பட்ட பொதிகளின் பட்டியலையும், சர்வர் கடைசியாக எப்போது எழுந்தது என்பதையும் பாருங்கள். நல்ல உதாரணம் "என்ட்ரோபி குறைவு" என்ற எச்சரிக்கை; என்ட்ரோபி என்பது சீரற்ற எண்களை உருவாக்கக் கெர்னல் வைத்திருக்கும் இருப்பு. பழைய கெர்னல்களில் அந்த எண் 4096 வரை போகும், அதனால் பலர் 1000 என்று வரம்பு வைத்தார்கள். 5.18 கெர்னலில் உள்ளமைப்பு மாறியது. இப்போது அது 256-இலேயே நிற்கும். சர்வர் புதிய கெர்னலில் எழுந்த மறுகணம் அந்த எச்சரிக்கை எரியத் தொடங்கி, பிறகு அணையவே அணையாது. சர்வருக்கு ஒன்றுமில்லை. சோதனையை எடுத்துவிடலாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். டெபியன் லினக்ஸில், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள் ரெய்டு வைத்திருந்தால், மாதத்தின் முதல் ஞாயிறன்று நள்ளிரவு 1 மணியை ஒட்டி டிஸ்க்குகள் முழுவதையும் அது ஒப்பிட்டுச் சரிபார்க்கும். "டிஸ்க் மந்தம்" என்ற எச்சரிக்கை மாதத்துக்கு ஒரே ஓர் இரவு வந்தால் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

வலைத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டோம். காலாவதி எச்சரிக்கை போகவில்லை.

புதிய கோப்பு டிஸ்க்கில் இருக்கிறது, வெப் சர்வரோ பழையதை நினைவில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. ரீலோட் செய்யுங்கள். அப்போதும் போகாவிட்டால், அதே பெயருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருந்து ஒன்று மட்டும் விடுபட்டிருக்கும். ஐபிவி6 முகவரியில் வேறொரு சர்வர் பதில் சொல்வதும் உண்டு. இதைத் தானியங்கியாக்காமல் தப்பிக்க முடியாது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020-இல் 398 நாளாகக் குறைந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது.

ஹார்டுவேர் எச்சரிக்கைகளை எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம்?

தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய எண்களுள்ள வரிகள் பூஜ்ஜியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் மாற்று டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்யுங்கள். ரெய்டு நிலையில் ஓர் "யு" இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் ஏற்கெனவே விலகிவிட்டது. டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் பேக்கப் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். மீதமிருக்கும் டிஸ்க்கும் அதே வயதுடையதாக இருக்கலாம், மறுசீரமைப்பு அதை விடிய விடிய வேலை வாங்கும். டிஸ்க்கைக் கழற்றும்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து அல்ல, வரிசை எண்ணை வைத்து அடையாளம் காணுங்கள்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடாதா?

போகலாம், தடயங்களோடு சேர்ந்து. அவசரமென்றால் செய்யுங்கள், ஆனால் அதற்கு முன் செயல்முறைப் பட்டியல், நினைவக நிலை, திறந்த இணைப்புகள், கெர்னல் லாக் ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் சேமித்து, அதை வேறொரு சர்வருக்கு நகலெடுங்கள். /டெம்ப் கோப்புறையில் வைக்காதீர்கள்; பல அமைப்புகளில் அது ரீஸ்டார்ட்டில் துடைக்கப்பட்டுவிடும். கோப்புகள் மாற்றப்பட்டதாகவோ, அறியாத பயனர் நுழைந்ததாகவோ எச்சரிக்கை இருந்தால் ரீஸ்டார்ட் கூடவே கூடாது. பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

எச்சரிக்கை அஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தலாமா?

பழகிய வடிவத்தில் இல்லாத அஞ்சலென்றால் வேண்டாம். கண்காணிப்பு மென்பொருளின் முகவரியை நீங்களே பிரௌசரில் திறந்து, அங்கே அந்த எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். "உடனே உள்நுழையாவிட்டால் சர்வர் நிறுத்தப்படும்" என்று எந்த உண்மையான கண்காணிப்பு மென்பொருளும் மிரட்டுவதில்லை.

தொல்லை தாங்கவில்லை. மௌனமாக்கிவிடலாமா?

காரணத்தையும் முடிவு நேரத்தையும் எழுதி மௌனமாக்கலாம். அலர்ட்மேனேஜர் முடிவு நேரம் இல்லாமல் விடாது. அங்கே "10 ஆண்டுகள்" என்று போடுபவர்கள் இருக்கிறார்கள், அதற்கு அந்த விதியையே நீக்கிவிடுவது நேர்மையான செயல். யாரும் எதுவும் செய்யப்போவதில்லை என்றால் அந்த எச்சரிக்கை ஆளை எழுப்பத் தகுதியற்றது. அதை வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு நேரத்தில் மூத்தவரை எழுப்பத் தயக்கமாக இருக்கிறது.

பயனர்களுக்கு வேலை நின்றிருந்தாலும், தரவு அழியும் அபாயம் இருந்தாலும் தயங்காதீர்கள். மற்றவற்றில், அரை மணி நேரம் பார்த்தும் நிபந்தனையே புரியவில்லை என்றால் கேளுங்கள். "சர்வரில் ஏதோ பிரச்சினை" என்று தொடங்க வேண்டாம். எச்சரிக்கையின் முழு வரி, வேலை நடக்கிறதா இல்லையா, எப்போது தொடங்கியது, நீங்கள் எதையெல்லாம் பார்த்தீர்கள், எதையாவது மாற்றினீர்களா என்ற வரிசையில் சொல்லுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு அதில் கடைசித் தகவல்தான் மிக முக்கியம்.

எச்சரிக்கை தானாகவே "தீர்ந்தது" என்று வந்துவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். புரொமீதியஸில் நிபந்தனைக்கு விடை எதுவும் கிடைக்காவிட்டாலும் எச்சரிக்கை தீர்ந்ததாகவே கணக்கு. டிஸ்க் 97%-இல் இருக்கும்போது அளவீட்டை அனுப்பும் நிரல் செத்துவிட்டால், 97 என்ற எண் மறைந்துவிடும். மறைந்த எண் 90 என்ற வரம்பைத் தாண்டாது. உங்களுக்குப் பச்சை நிறத்தில் நல்ல செய்தி வரும். கோடு கீழே இறங்கியிருந்தால் தீர்ந்தது. கோடு பாதியில் அறுந்திருந்தால் சர்வருக்குள் போய்ப் பாருங்கள். பிறகு, அந்த அளவீடு வராமல் போனாலே கத்தும்படி புரொமீதியஸின் "ஆப்சென்ட்" என்ற செயற்கூறைக் கொண்டு ஒரு விதியைச் சேர்த்துவிடுங்கள்.